கொக்கு போட்ட இரண்டு டீ டின்கள்

முதலியார்பேட்டையில் என் ஓரகத்தி வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கும்பிட வேண்டியது சாமி படத்தை அல்ல, ஷோகேஸை. ஹாலில் ஒரு சுவர் முழுக்க அதுதான். கண்ணாடிக் கதவு, அதற்குப் பூட்டு, உள்ளே பகலிலும் எரியும் டியூப் லைட். பிரான்சிலிருந்து வந்துபோன சொந்தக்காரர்கள் கொடுத்த சென்ட் பாட்டில், சீல் உடைக்காத ஒயின், வெள்ளை பூத்துப்போன சாக்லேட் டப்பா என்று வெளிநாட்டுச் சாமான் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். எதையும் பிரிக்க மாட்டாள். “பிரிச்சா தீந்துடும். இருந்தா நாலு பேரு பாப்பாங்க” என்பாள். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன வருஷம் அந்த ஷோகேஸின் நடுத்தட்டில் இரண்டு டீ டின்கள் வந்து உட்கார்ந்தன. கரும்பச்சை நிறம், மேலே பறக்கிற கொக்கு. ஒன்றில் கொக்கு இடப்பக்கம் பார்க்கும், மற்றதில் வலப்பக்கம். சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அதில் ஒன்று என் கணவருக்கென்று வந்தது. அவருக்கு அது கிடைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டு டீயைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் இருந்தது லாஸ்பேட்டையில். நான் ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். பிள்ளை கிடையாது. எனக்குப் பால் சேராது, குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் கறுப்பு டீயில் ஆரம்பித்தேன், அவரும் கூட ஒட்டிக்கொண்டார். காலையில் டார்ஜிலிங். நல்ல இலையாக அமைந்துவிட்டால் கோப்பைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனதுமே பன்னீர் திராட்சை வாசனை வரும். மழை நாளில் அசாம். கேழ்வரகு மாவை வறுக்கும்போது வருமே, அந்த வாசனை. ஒரு கோப்பை குடித்துவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் சண்டைக்குப் போகலாம் என்று இருக்கும். நான் சில நாள் போயும் இருக்கிறேன்.

ஜப்பான் டீ அதற்குப் பிறகு வந்தது. கடற்கரைப் பக்கம் டூரிஸ்டுகள் வாங்குகிற கடை ஒன்றில் சென்சா என்று ஒரு சின்ன பாக்கெட் வாங்கி வந்தேன். முதல் நாள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினேன். வேப்பங்கொழுந்தை அரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. அப்படியே சிங்கில் கொட்டப் போனேன்.

“கொட்டாதடி. தண்ணி சூடு ஜாஸ்தி. ஆற வுட்டு ஊத்திப் பாரு” என்றார் அவர்.

இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றித் தண்ணீரை ஆற்றி ஊற்றினேன். அதே இலைதான், ஆனால் பச்சைப் பட்டாணி உரிக்கிற வாசனை வந்தது. குடித்தால் முதலில் இனிப்பு, கடைசியில் நாக்கு ஓரத்தில் லேசாக உப்பு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் பேசாமல் இருந்தால் அது சண்டையாகத்தான் இருக்கும். அன்றைக்குத்தான் பேசாமல் சந்தோஷமாக இருந்தோம்.

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் ஆபீஸிலிருந்தும் அவர் பட்டறையிலிருந்தும் வந்து கைகால் கழுவினதும் சென்சா. குழாய்த் தண்ணீர் உப்பு, டீயைக் கொன்றுவிடும் என்று டீக்கு மட்டும் கேன் தண்ணீர். பக்கவாட்டில் பிடி வைத்த ஜப்பான் மண் கூஜா ஒன்று வாங்கினோம். அதை நான்தான் கழுவ வேண்டும், அவரைத் தொட விட மாட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஹோஜிச்சா. வறுத்த இலை, வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வாசனை. சும்மா சொல்லக் கூடாது, நாங்கள் நன்றாகவே வாழ்ந்தோம்.

அது சொந்தக்காரர்களுக்குப் பொறுக்குமா? என் ஓரகத்தி ஒரு நாள் வந்து எங்கள் சென்சாவை மோந்து பார்த்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள். “முருங்கக்கீர வெந்த தண்ணிய புருசனும் பொண்டாட்டியும் ஒக்காந்து உறிஞ்சுதுங்க. ஒரு புள்ள பொறந்திருந்தா இந்தக் கூத்துக்கு நேரமேது.” எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் போடுகிற டீயைப் பற்றிச் சொன்னேன். பாலும் சர்க்கரையும் காய்ச்சிய பாகு, அதில் கரண்டியை நட்டால் நிற்கும் என்று. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் பிள்ளை பெற்றவள்.

அந்தப் பிள்ளை மட்டும் எங்கள் பக்கம். ஜப்பானில் ஒரு மிஷின் கம்பெனியில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிப்பான். அவன்தான் ஷின்ச்சாவைப் பற்றிச் சொன்னான். வருஷத்தின் முதல் பறிப்பு, அந்த ஊர்க்காரர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள், வந்த கையோடு குடித்துவிட வேண்டும், நாளானால் வாசனை போய்விடும் என்று சொன்னான். கேட்டுக்கொண்டே இருந்த என் கணவர் எச்சிலை விழுங்கினார். “அடுத்த தடவ கொண்டாறன் சித்தப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் அவன்.

ஆனால் அவன் டின்களோடு வந்து இறங்கியபோது என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். குரல் கரகரப்பாக இருக்கிறது என்று காட்டப் போனவரைப் படுக்க வைத்து, தொண்டையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பையன் அங்கே வந்து பார்த்தான். “டீ கொண்டாந்துட்டேன் சித்தப்பா. ரெண்டு டின்னு. ஒண்ணு ஒங்களுக்கு. அம்மாகிட்ட குடுத்துருக்கேன், வூட்டுக்குப் போனதும் குடிங்க” என்றான். அந்த வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டான்.

ரிசல்ட் வந்தது. கேன்சர். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். கதிர்வீச்சு வைக்க வேண்டும், கொஞ்ச நாளில் வாயெல்லாம் புண்ணாகும், நாக்கில் ருசி போய்விடும், சில பேருக்குத் திரும்ப வரும் என்றார். மற்ற பேருக்கு என்ன என்று நான் கேட்டேன். அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வண்டி ஸ்டாண்டில் நின்றபோது என் கணவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“திங்கக்கெழம ஆரம்பிக்கறாங்க. அதுக்குள்ள அந்த டீய வாங்கியாந்துடு. நாக்கு இருக்கும்போதே ஒரு தடவ குடிச்சிடறேன்.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. உயிரைக் கேட்கவில்லை, ஒரு கோப்பை டீ கேட்டார்.

சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனேன். என் மூத்தார், அதாவது அவருடைய சொந்த அண்ணன், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். ம் என்றார். விளம்பரம் முடிந்து படம் வந்ததும் திரும்பிக்கொண்டார். ஓரகத்தி டீ கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பாகை நான் தொடவில்லை.

“அக்கா, ஒங்க புள்ள கொண்டாந்த டீ ஒண்ணு அவருக்குன்னு சொன்னானாம்.”

“எந்த டீ?” என்றாள், ஷோகேஸுக்கு நேராக நின்றுகொண்டு.

“அதோ, கொக்கு போட்டது.”

“ஓ, அதுவா. ஒண்ண எடுத்துட்டா இன்னொண்ணு ஒத்தையா நிக்கும். ஜோடியா இருந்தாதான் பாக்க லட்சணம். அடுத்த வாரம் அவனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வராங்க. அவங்க வந்துட்டுப் போவட்டும், அப்புறம் பாக்கலாம்.”

“திங்கக்கெழம ஆஸ்பத்திரில ஆரம்பிக்கறாங்கக்கா. அப்புறம் அவருக்கு ருசி தெரியாது.”

அவள் சேலை முந்தானையால் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தபடியே பதில் சொன்னாள். “ருசி தெரியாம பூடும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு அவருக்கு ஒசந்த டீ? எதக் குடிச்சா இன்னா?”

அங்கேயே அந்தக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும். ஆனால் கெஞ்ச வந்தவள் நான். அவருக்காகக் குரலை இறக்கிக்கொண்டு, “டின்னு ரெண்டையும் நீங்களே வெச்சிக்குங்கக்கா. உள்ள இருக்கற இலைய மட்டும் ஒரு கவர்ல கொட்டிக் குடுங்க, போதும்” என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “சீலு ஒடஞ்சிடும். பொண்ணு வூட்டுக்காரங்க எடுத்துப் பாத்தா இன்னா நெனப்பாங்க?” என்றாள். அதைக் கஞ்சத்தனம் என்றே எடுத்துக்கொண்டேன். மூத்தாரைப் பார்த்தேன். “அவகிட்ட கேளு” என்றார் அவர், டிவியைப் பார்த்தபடி.

நான் செருப்பை மாட்டும்போது அவள் பின்னாலேயே வந்து, வாசல் தொட்டியிலிருந்து ஒரு ரோஜாவைப் பறித்து என் தலையில் செருகினாள். “வெறுந்தலையோட போவாத. இந்தத் தடவ நல்லா பூக்குது பாரு” என்றாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதையும் ஒரு கதையாகக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் சிரித்தார். என் தலையிலிருந்த ரோஜாவை உருவி மோந்து பார்த்து, “நல்லா மணக்குதுடி. பூவாவது குடுத்தாளே” என்றார். ஜப்பானுக்குப் போன் செய்து பையனிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன். “வேணாம், ஆத்தாளுக்கும் புள்ளைக்கும் நடுவுல நம்ம டீ எதுக்கு” என்று தடுத்துவிட்டார். அவருடைய அந்த நல்ல குணத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. வீட்டில் பழைய சென்சா கொஞ்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் குடித்தோம். பையில் அடித்தூளாகக் கிடந்தது, கலங்கலாக வந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. ஒரு நாள் காலையில் டார்ஜிலிங்கை வாயில் வைத்துவிட்டு, “துணி தொவச்ச தண்ணி மாதிரி இருக்குடி” என்றார். அடுத்த நாள் அதுகூட இல்லை. சூடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். நான் டீயை நிறுத்திவிடப் போனேன். விடவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, “நீ குடி. குடிச்சிட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லு” என்பார். முதலில் பொய் சொன்னேன், இன்றைக்கு இலை சரியில்லை என்று. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு உள்ளதைச் சொன்னேன்.

“நல்லா இருக்கு. திராட்ச வாசன வருது.”

“பாவி” என்பார். அப்புறம், “இன்னும் சொல்லு” என்பார்.

சொல்லிக்கொண்டே குடிப்பேன். அவர் வாய் புண்ணாகி எச்சில் வழியும், நான் எதிரே உட்கார்ந்து திராட்சையைப் பற்றிச் சொல்வேன். அதைவிடக் கொடுமையான ஒரு காரியத்தை என்னைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இதில் அசிங்கம் என்னவென்றால், டீ நிஜமாகவே நன்றாக இருந்தது.

இடையில் பெண் வீட்டுக்காரர்கள் வந்து போனார்கள். சம்பந்தம் முடிவானது. ஓரகத்தி ஹார்லிக்ஸும் மாதுளம்பழமும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். ஷோகேஸை அவர்கள் வாய்பிளந்து பார்த்தார்களாம். டின்னைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், “இப்பதான் அவருக்கு ருசி ஒண்ணும் தெரியலியே, பாவம்” என்று. மாதுளம்பழத்தை அவள் எதிரிலேயே வேலைக்கார அம்மாவிடம் தூக்கிக் கொடுத்தேன்.

பிறகு அவரால் விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். கஞ்சி, பால் பவுடர், எல்லாம் ஊசியில் இழுத்து அதில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் கையை ஆட்டிக் கூப்பிட்டு, கூஜாவைக் காட்டினார். சென்சாவை நன்றாக ஆற வைத்து டியூபில் ஊற்றினேன். டியூபைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் பார்த்துவிட்டுத் திட்டினாள். அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார். அடுத்த வாரம் நெஞ்சில் சளி கட்டி, ஜுரம் வந்து, போய்விட்டார். ருசி திரும்பி வருகிற பேரில் அவர் இருந்தாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கருமாதி அன்று படையல். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் போட்டோவுக்கு முன்னால் வைக்க வேண்டும். குடிக்காத மனுஷனுக்கு முன்னால் ஒரு குவாட்டர் பிராந்தியை யாரோ வைத்தார்கள், ஆம்பிளை படையலில் அது இல்லாமல் எப்படி என்று. நான் அவருடைய கோப்பையில் சென்சா வைத்தேன். அப்போது ஓரகத்தி துணிப்பையைத் திறந்து கொக்கு டின்கள் இரண்டையும் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தாள். போட்டோவுக்குத் தன் வீட்டு ரோஜாவாலேயே மாலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“உசுரோட இருக்கும்போது ஆசப்பட்டாரு. ஜப்பான் டீ” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கொழுந்தன்மேல் என்ன பாசம் என்று நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தார்தான் போனைப் பிடித்திருந்தார். கற்பூரம் காட்டி முடிந்ததும் பையன் கேட்டான். “ரெண்டு டின்னும் பிரிக்காம இருக்கே. சித்தப்பா குடிச்சாரு, நல்லா இருக்குன்னு சொன்னாருன்னு சொன்னியேம்மா?”

ஓரகத்தி மாலையைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

“சித்தி, மூடி வெச்சா எப்படி? ஒண்ணத் தொறந்து ஒரு கப் போட்டு வைங்க” என்றான் அவன்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு டின்களையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். “படையல்ல வெச்சத வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா நல்லது.” நான் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. சாவு வீட்டில் இரண்டு பொம்பளைகள் ஒரு துணிப்பைக்கு இழுபறி போட்டதை ஊரே பார்த்தது. கைப்பிடி அறுந்து டின்கள் தரையில் உருண்டன, நான் எடுத்துக்கொண்டேன்.

மூடியைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையைப் பார்த்தேன். பதமாகப் பிரித்து, திரும்பப் பசை தடவி ஒட்டியிருந்தது. திறந்தேன். ஒன்றில் அந்துருண்டை. இன்னொன்றில் ஜாக்கெட் ஊக்கும் பழைய சாவிகளும்.

“டீ எங்கக்கா?”

“புல்லு நாத்தம் அடிச்சுது” என்றாள். குரலில் தப்புச் செய்த சாயலே இல்லை. “ஷோகேஸ்ல பூச்சி வந்துடும்னு அவன் ஊருக்குப் போன அன்னிக்கே ரெண்டையும் ரோஜாத் தொட்டில கொட்டிட்டேன். டின்னு நல்ல டின்னு, எதுக்கு வீணாவணும்? செத்தவரு மூடியத் தொறந்தா பாக்கப் போறாரு?”

மூத்தார் கையில் போன் அப்படியே இருந்தது. பையன் முகம் அதில் அசையாமல் இருந்தது. பிறகு திரை இருட்டானது.

இந்த நாளில் சண்டை வேண்டாம் என்று நாலு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் டின்களைக் கேட்டாள். ஒன்றைக் கொடுத்தேன், அந்துருண்டையோடு. இன்னொன்றைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். ஜோடி போய்விட்டதே என்று உட்கார்ந்து அழுதாள், நிஜக் கண்ணீர். அவர் செத்த அன்று அவளுக்கு அது வரவில்லை. மூத்தார் இன்றைக்கும் வாரம் தவறாமல் போன் செய்து அந்த டின்னைக் கேட்கிறார். பையன் அம்மாவிடம் பேசுவதில்லையாம், நான்தான் குடும்பத்தைக் கெடுத்தேனாம். அந்த டின்னில் பாத்ரூம் கழுவுகிற பவுடர் போட்டு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

ரோஜாத் தொட்டி என்று அவள் சொன்னது எனக்கு அங்கே உறைக்கவில்லை. எல்லாரும் போன பிறகு அவருடைய கோப்பையைக் கழுவும்போதுதான் உறைத்தது. நான் கெஞ்சிக்கொண்டு நின்ற சனிக்கிழமை டீ அந்த வீட்டுக்குள்ளேயே இல்லை, வாசலில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதில் பூத்ததைத்தான் என் தலையில் செருகி அனுப்பினாள். அவர் அதை உருவி மூக்கருகே வைத்துக்கொண்டு, நல்லா மணக்குதுடி என்றார். அந்த டீயில் அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.